நெஞ்சில் சளி தங்கவிடாதீர்கள்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு 92 என்று வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதி செய்துவிட்டார்கள். நாள் முழுக்க இருமுகிறாள். இரவிலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று இருமல் சிரப் கொடுக்கலாமா?

பதில்: இருமலை அடக்கும் சிரப் எதுவும் வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகளையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை சளியை இன்னும் உலர்த்திவிடும்.

வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இந்த நோய்க்கான அளவு. உப்பைச் செல்லுக்கு வெளியேயும் உள்ளேயும் கடத்தும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம் சரியாக வேலை செய்யாததுதான் காரணம். வியர்வையில் உப்பு மிஞ்சுகிறது. மூச்சுக்குழாயிலோ, உள்சுவரின் மேல் இருக்க வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் வற்றிவிடுகிறது. அந்த நீரில் அசைந்து சளியை மேலே தள்ள வேண்டிய நுண்ணிய மயிரிழைகள் பசை போன்ற சளிக்கு அடியில் சிக்கிக்கொள்கின்றன. தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. அந்தக் கிருமிகளோடு உடல் நடத்தும் ஓயாத சண்டையில்தான் மூச்சுக்குழாய்ச் சுவர் சிதைகிறது. மயிரிழைகள் செய்ய முடியாத வேலையை இப்போது இருமல்தான் செய்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்தினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் இருமலை அடக்கக் கூடாது என்றால் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பொருளில்லை. தூக்கத்தைக் கலைக்கும் இருமல் புதிதாகத் தொடங்கியிருந்தால் நெஞ்சில் தொற்று கூடியிருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாலையில் செய்யும் சளி வெளியேற்றும் பயிற்சியைப் படுக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன் வைத்துக்கொண்டால் பல குழந்தைகளுக்கு இரவு இருமல் குறைகிறது. இந்த வயதில் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவாள். அதனால் கெடுதல் இல்லை.

கேள்வி: 7 வயது மகனுக்கு நெபுலைசரில் ஹைப்பர்டோனிக் சலைன், டோர்னேஸ் ஆல்ஃபா, டோப்ராமைசின் மூன்றும் எழுதியிருக்கிறார்கள். சால்புட்டமால் இன்ஹேலர் வேறு. எதை முதலில் கொடுப்பது? நேரம் போதவில்லை, கலந்து கொடுக்கலாமா?

பதில்: கலக்கக் கூடாது. முக்கியமாக டோர்னேஸ் ஆல்ஃபா ஒரு நொதி. வேறு மருந்தோடு ஒரே கப்பில் ஊற்றினால் கெட்டுவிடும். வரிசை மாறினாலும் பலன் குறையும்.

முதலில் சால்புட்டமால், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) வைத்து. குழாய் விரிய 10 முதல் 15 நிமிடம் கொடுங்கள். அடுத்தது ஹைப்பர்டோனிக் சலைன். வழக்கமான அளவு 4 மில்லி, தினம் 2 வேளை. 3 சதவீதமா 7 சதவீதமா என்பது மருத்துவர் முடிவு. இந்த உப்பு நீர் குழாய்ச் சுவரின் மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்து சளியை இளக்குகிறது. அதே உப்பு சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கியும் விடும். சால்புட்டமாலை முன்னால் கொடுப்பது அதற்காகத்தான். முதல் டோஸை மருத்துவமனையில் வைத்து, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நெஞ்சையும் ஊதும் அளவையும் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படிப் பார்க்காமல் கொடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சலைன் முடிந்த கையோடு சளி வெளியேற்றும் பயிற்சி. இளகிய சளி மறுபடி கெட்டியாகும் வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சி முடிந்து நெஞ்சு தெளிந்த பிறகுதான் டோப்ராமைசின். சளி அடைத்த குழாய்க்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. முன்கூட்டிக் கொடுத்தால் மருந்தில் ஒரு பகுதி இருமலோடு வெளியே வந்துவிடும். 300 மில்லிகிராம் வகையை 2 வேளை, 12 மணி நேர இடைவெளியில், 28 நாள் கொடுத்து 28 நாள் நிறுத்துவது வழக்கம். இரு டோஸுக்கு நடுவில் 6 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

மிஞ்சியிருப்பது டோர்னேஸ் ஆல்ஃபா: 2.5 மில்லிகிராம், பெரும்பாலும் தினம் ஒரு முறை. சளியில் செத்த வெள்ளணுக்கள் விட்டுப்போன டி.என்.ஏ. இழைகள்தான் அதைக் கெட்டியாக்குகின்றன. இந்த மருந்து அவற்றைத் துண்டாக்குகிறது. வேலை செய்ய நேரம் எடுக்கும் என்பதால் பயிற்சிக்கு அரைமணி நேரமாவது முன்னால் கொடுப்பது வழக்கம். பயிற்சிக்குப் பிறகு கொடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. நேரம் போதாதவர்களுக்கு இதுதான் வசதி: காலை அவசரத்தில் திணிக்காமல், பள்ளி விட்டு வந்ததும் கொடுத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையோடு, வெளிச்சம் படாமல் வையுங்கள். உறைய விடாதீர்கள். அல்ட்ராசானிக் வகை நெபுலைசரில் போடவே கூடாது.

கருவியைப் பிடிக்கும் விதமும் மருந்தளவுதான். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை விலக்கிப் பிடித்தாலே மருந்தில் பெரும்பகுதி காற்றில் போய்விடும். 7 வயதுப் பையனுக்கு மாஸ்க் வேண்டாம், வாயில் வைக்கும் மவுத்பீஸ் கொடுங்கள். மூக்கு மருந்தை வடிகட்டிவிடுகிறது. நேராக உட்கார்ந்து, உதட்டை மூடி, சாதாரணமாக மூச்சு விடட்டும். இருமல் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு இருமி முடித்ததும் தொடருங்கள். அழும் குழந்தைக்கு மருந்து உள்ளே போகாது. வீம்புக்கு நடத்துவதைவிட 5 நிமிடம் விட்டுப் பிடிப்பது மேல்.

கேள்வி: சளியை வெளியேற்ற ஊதும் பெப் கருவி வாங்கி 2 மாதம் ஆகிறது. 6 வயது மகன் தினமும் ஊதுகிறான், தொண்டையிலிருந்து இருமுகிறான், சளியே வரவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: ஊதும் முறையைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

மூச்சை வெளியே விடும்போது கருவி சிறிய எதிர்ப்பைக் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தில் சிறு குழாய்கள் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கும். பக்கவாட்டு வழிகளில் காற்று சளிக்குப் பின்னால் போய் அதை முன்னுக்குத் தள்ளும். காற்று பின்னால் போவதற்கு நேரம் வேண்டும். ஆகவே வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக மூச்சை இழுத்து, 2 அல்லது 3 விநாடி பிடித்து, பிறகு மெதுவாக, ஒரே சீராக வெளியே விட வேண்டும். அழுத்தத்தைக் காட்டும் மானோமீட்டர் பொருத்திப் பாருங்கள்: மூச்சு விடும் நேரம் முழுக்க முள் 10 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் நிற்க வேண்டும். 30க்குத் தாவி உடனே விழுந்தால் பலமாக ஊதுகிறான், அல்லது கருவியில் காற்று வெளியேறும் துளை அவனுக்குச் சிறியது. 10ஐ எட்டவே இல்லையென்றால் உதட்டோரம் காற்று கசிகிறது, அல்லது துளை பெரியது. துளையை மாற்றுவது பிசியோதெரபிஸ்ட் வேலை. கன்னம் உப்பினால் அழுத்தம் வாயிலேயே நின்றுவிட்டது. இரண்டு விரலால் கன்னத்தை லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படி 10 முதல் 15 மூச்சு ஆனதும் கருவியை எடுத்துவிட்டு ஹஃப். உங்கள் மகனுக்கு விடுபட்டிருப்பது இதுதான் என்று தோன்றுகிறது. தொண்டையை இறுக்கி இருமும்போது சளி இருக்கும் இடம் அசைவதில்லை. ஹஃப் என்பது வாயை வட்டமாகத் திறந்து, தொண்டையைத் திறந்தபடியே, வயிற்றை உள்ளே ஒடுக்கி "ஹா..." என்று காற்றைத் தள்ளுவது. கண்ணாடியில் மூச்சை ஊதிப் பனி படிய வைக்கச் சொன்னால் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முதலில் நடுத்தர மூச்சு இழுத்து நீளமான, மென்மையான ஹஃப். இது ஆழத்தில் உள்ள சளியை மேலே கொண்டுவரும். களகளவென்ற சத்தம் தொண்டைக்கு அருகே கேட்டதும் பெரிய மூச்சு இழுத்துக் குறுகிய, வேகமான ஹஃப். அதன் பிறகே ஒரு இருமல். ஆரம்பத்திலேயே முழுபலத்தோடு ஊதினால் குழாய்கள் ஒடுங்கிச் சளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வீசிங் சத்தமும் கிளம்பும். 1 நிமிடம் சாதாரணமாக மூச்சுவிட்டு ஓய்வு. இந்தச் சுற்றை 6 முறை செய்தால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். காலையும் மாலையும். சாப்பாட்டுக்கு முன் செய்யுங்கள். முடியாவிட்டால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, இல்லையென்றால் வாந்தியில் முடியும். தலை சுற்றினால் வேகமாக மூச்சு விடுகிறான். நிறுத்தி, ஓய்வெடுத்துத் தொடருங்கள்.

தலைகீழாகச் சாய்த்துத் தட்டும் பழைய முறையைக் கைக்குழந்தைகளுக்குச் செய்ய வேண்டாம். வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குப் போகும். அதிரும் ஜாக்கெட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2013இல் வெளியான கனடிய ஆய்வில், ஜாக்கெட் அணிந்தவர்களைவிட பெப் மாஸ்க் பயன்படுத்தியவர்களுக்கே தொற்று தீவிரமாவது குறைவாக இருந்தது. ஜாக்கெட் போட்டாலும் நடுநடுவே நிறுத்தி ஹஃப் செய்ய வேண்டும். அது இல்லாமல் வெறும் அதிர்வால் சளி வெளியே வராது. ஓட்டம், குதிப்பு, நீச்சல் எல்லாம் நல்லவை. விளையாடிய பிறகு ஹஃப் செய்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நெபுலைசர் கப்பை வினிகரில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசுகிறேன். இது போதுமா?

பதில்: போதாது. வினிகர் இந்தக் குழந்தைகளைப் பாதிக்கும் கிருமிகளை நம்பும்படி கொல்வதில்லை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஈரத்தில்தான் வாழ்கின்றன. சுத்தம் செய்த கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசும்போது அவை மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

மருந்து முடிந்ததும் கப்பைப் பாகம் பாகமாகக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். காய்ந்த மருந்துப் படலம் இருந்தால் கிருமிநீக்கம் வேலை செய்யாது. பிறகு கொதிக்கும் நீரில் 5 நிமிடம். கொதிக்க வைக்கலாமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடாத பாகங்களை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், அல்லது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊறவைத்து, 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய நீரில் அலசலாம். கொதிக்க வைத்ததை மறுபடி அலச வேண்டாம். உதறி, சுத்தமான துணியில் பரப்பி, காற்றில் முழுக்க உலர விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் செய்த வேலை வீண்.

கம்ப்ரெசரோடு இணைக்கும் குழாயைக் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பை இணைக்காமல் மிஷினைச் சில நிமிடம் ஓட்டினால் உலர்ந்துவிடும். வழக்கமாக 10 நிமிடத்தில் முடியும் மருந்து 20 நிமிடம் இழுத்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது கப் தேய்ந்துவிட்டது. மருந்தை நுண்துளைத் தட்டு வழியே தெளிக்கும் மெஷ் வகையில் அந்தத் தட்டு அடைத்திருக்கும். அதைப் பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது.

கேள்வி: எப்போதுமே இருமும் குழந்தைக்கு நோய் முற்றுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காய்ச்சல் வரும் வரை பார்க்கலாமா?

பதில்: காய்ச்சலுக்குக் காத்திருந்தால் தாமதமாகிவிடும், பல குழந்தைகளுக்கு அது வருவதே இல்லை. நன்றாக இருக்கும் நாளில் சில விஷயங்களைக் குறித்து வையுங்கள்: தூங்கும்போது 1 நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, காலையில் எவ்வளவு இருமல், சளியின் நிறம், எடை. அந்த அளவிலிருந்து விலகினால் அதுதான் அறிகுறி. வறட்டு இருமல் ஈரமாவது, சளி பச்சையாகிக் கூடுவது, பசி குறைவது, வழக்கமாக ஓடும் தூரத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவது, எடை இறங்குவது: இவற்றில் இரண்டு சேர்ந்து 2, 3 நாள் நீடித்தால் போன் செய்யுங்கள். நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதத் தெரிந்த குழந்தைக்கு எஃப்.இ.வி.1 (முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்று) அளவு 10 சதவீதம் குறைவதும் கணக்கில் சேரும்.

அந்த நாட்களில் பயிற்சியை 3 அல்லது 4 வேளையாக்குங்கள். ஆன்டிபயாடிக் பொதுவாக 2 வாரம். மூன்றாம் நாளே தெளிந்துவிட்டதாகத் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள். ஊசி மருந்து தேவைப்படும் அளவுக்குத் தீவிரமானவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இழந்த நுரையீரல் திறன் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. முன்கூட்டியே வரச் சொல்லி வற்புறுத்துவது இதனால்தான்.

சளியில் இரத்தம் முதல் முறை தெரிந்தால், கீற்றாக இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி அளவு வந்தால் அன்றே பேச வேண்டும். வாய் நிறைய வந்தால் பயிற்சியையும் சலைனையும் நிறுத்திவிட்டு அவசரப் பிரிவு. திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். பெப் ஊத வைக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். உதடு நீலம் பூப்பது, விலா எலும்புகளுக்கிடையே குழி விழுவது, பேச முடியாமல் திணறுவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான்.

கேள்வி: இதே நோய் உள்ள இன்னொரு குழந்தையோடு எங்கள் பெண் விளையாடலாமா?

பதில்: நேரில் வேண்டாம். மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகள் இவர்களுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி நிலைத்துவிடும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் 2 மீட்டர் இடைவெளியும் மாஸ்க்கும் அவசியம். வீடியோ அழைப்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். இந்த நோய் இல்லாத குழந்தைகளோடு தாராளமாக விளையாடலாம்.

கேள்வி: புதிய மாத்திரை தொடங்கியதிலிருந்து மகளுக்கு இருமலே இல்லை. நெபுலைசரை நிறுத்திவிடலாமா? வயது 9.

பதில்: கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. சி.எஃப்.டி.ஆர். புரதத்தை வேலை செய்யவைக்கும் ஐவகாஃப்டர் 2012இலும், எலெக்ஸகாஃப்டர் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு 2019இலும் வந்த பிறகு, மரபணு மாற்றம் பொருந்தும் குழந்தைகளின் நிலை வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெபுலைசர் மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு 12 வயதுக்கு மேல், நுரையீரல் நல்ல நிலையில் இருந்தவர்களிடம், ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும், 6 வாரம் நடத்தப்பட்டது. அவர்களுக்கு அந்தக் காலத்தில் பாதிப்பு இல்லை. 9 வயதுக் குழந்தை விஷயத்தில், பல ஆண்டுகளுக்கு, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த அது போதாது. ஏற்கெனவே அகன்று தளர்ந்த மூச்சுக்குழாயை மாத்திரை பழையபடி ஆக்குவதும் இல்லை.

எதையாவது குறைக்க வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு, ஒன்றை மட்டும் குறைத்து, ஸ்பைரோமீட்டர் அளவைப் பார்த்து முடிவெடுங்கள். சளி வராததால் பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. 3 மாதத்துக்கு ஒரு முறை தொண்டையில் இருமல் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு கொடுங்கள், இல்லாவிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. கல்லீரல் பரிசோதனை நாட்களைத் தவறவிடாதீர்கள்.