அக்டோபர்ஃபெஸ்ட் தவிர, இலையுதிர்காலத்துல ஐரோப்பா வந்தா சாப்பாட்டுக்காகவே போக வேண்டிய விழா எது?

கேள்வி கேட்டவர் அக்டோபர் கடைசியில ஆபீஸ் வேலையா மியூனிக் வர்றாராம், ஒரு வீக்எண்ட் ஃப்ரீயாம், கூட்டமும் பேண்ட் சத்தமும் இல்லாம நல்லா உக்காந்து சாப்பிடுற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கார். அந்த நேரத்துக்கு அக்டோபர்ஃபெஸ்ட் டென்ட்டெல்லாம் பிரிச்சிருப்பாங்க, பேர்லதான் அக்டோபர், செப்டம்பர் பாதியிலயே ஆரம்பிச்சு அக்டோபர் முதல் வாரத்தோட கதை முடிஞ்சிடும். நான் மியூனிக்லதான் இருக்கேன், இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரே பதில்தான், டோர்கெலன். ரயில் ஏறினா நாலு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

விழான்னு சொன்னதும் மேடை, டிக்கெட், தேதி எல்லாம் எதிர்பார்ப்பீங்க, இதுல அது எதுவும் கிடையாது. அறுவடை முடிஞ்சதும் மலைச்சரிவுல இருக்கற திராட்சை விவசாயிங்க தங்க வீட்டையே சாப்பாட்டுக் கடை மாதிரி திறந்து வைப்பாங்க, நீங்க மலைப்பாதையில நடந்து பசியோட போய் உக்காரணும், அந்த வருஷத்துப் புது வைன், வீட்டுல போட்ட சாசேஜ், சுட்ட செஸ்ட்நட், இதெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்துட்டே இருக்கும், பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களோட பேசிட்டே சாயங்காலம் வரைக்கும் சாப்பிடுறதுதான் மொத்த நிகழ்ச்சியும். அக்டோபர் ஆரம்பத்துல இருந்து நவம்பர் கடைசி வரைக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் தொடங்குற வரைக்கும் ஓடும். ஊர்ப் பெரியவங்களைக் கேட்டா நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளுக்கு அப்புறம்தான் நிஜமான டோர்கெலன், முன்னாடி நடக்கறதெல்லாம் டூரிஸ்டுக்குன்னு முகத்துக்கு நேராவே சொல்லிடுவாங்க, ஏன்னா புது வைன் ஓரளவு தெளிஞ்சு குடிக்கற பதத்துக்கு வர்றது அப்பதான்.

இடம் சவுத் டிரோல், இத்தாலியோட வடக்கு முனை. மியூனிக்ல ஏறி இன்ஸ்ப்ரூக் வழியா 1370 மீட்டர் உயரத்துல இருக்கற பிரென்னர் கணவாயைத் தாண்டினா ஐசாக் ஆத்தோட பள்ளத்தாக்கு, அங்க பிரிக்சென், கிளாவ்சன்னு சின்னச் சின்ன ஊருங்க, இந்தப் பள்ளத்தாக்குதான் டோர்கெலனுக்கு சொந்த ஊர். இத்தாலின்னு நினைச்சு இறங்கினா எல்லாரும் ஜெர்மன் பேசுவாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு 1919ல சான் ஜெர்மைன் ஒப்பந்தத்துல ஆஸ்திரியாகிட்ட இருந்து இத்தாலிக்குப் போன பகுதி இது, முசோலினி காலத்துல ஜெர்மன் பள்ளிக்கூடங்களை மூடி ஊர்ப் பேரையெல்லாம் இத்தாலியனாக்கினாங்க, அப்புறம் பெரிய போராட்டம், பேச்சுவார்த்தைன்னு போய் 1972ல இப்ப இருக்கற சுயாட்சி வந்துச்சு. (மொழிக்காக சண்டை போட்ட ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு இந்தக் கதையை அங்க ஒரு பெரியவர் வாயால கேக்கறது தனி அனுபவம், கேளுங்க, நல்லா சொல்லுவாங்க.) ரெண்டு மொழியிலயும் போர்டு இருக்கும், அதனால பிரிக்சென்னை ஸ்டேஷன்ல பிரெசனோனேன்னும் பாப்பீங்க, குழம்பிடாதீங்க.

ஏன் இந்தப் பள்ளத்தாக்கு மட்டும்னா, திராட்சையும் செஸ்ட்நட்டும் ஒரே சரிவுல வளர்ற இடம் ஆல்ப்ஸ் மலையில எல்லா பக்கமும் அமையாது. தெற்கே பாத்த சரிவு, பகல்ல நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், கீழ திராட்சைக் கொடி, அதுக்கு ஒட்டி மேல செஸ்ட்நட் தோப்பு, அதுக்கும் மேல மாடு மேயுற புல்வெளி. செஸ்ட்நட் கட்டைல டானின்ங்கற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கறதால ஈரத்துல சீக்கிரம் இத்துப் போகாது, அதனால திராட்சைப் பந்தலுக்கு ஊனற கம்பமே காலங்காலமா அந்த மரம்தான். கொட்டையை மாவாக்கி, அவிச்சு, சுட்டு ஏழைங்க குளிர்காலத்தை ஓட்டியிருக்காங்க. இப்ப ஒரு சின்ன பொட்டலம் என்ன விலை விக்குதுன்னு மியூனிக் தெருவுல பாத்தீங்கன்னா சிரிப்பு வரும்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டா வீட்டுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அறுவடைக்கு வந்த கூலியாட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வைன் பிழியுற எடத்துலயே விருந்து வச்சாங்கங்கறது ஒண்ணு. மேல மாடு வச்சிருக்கறவனும் கீழ திராட்சை போட்டிருக்கறவனும் ஒருத்தருக்கொருத்தர் செஞ்ச உதவிக்குக் கணக்குத் தீக்க வருஷத்துல ஒரு நாள் உக்காந்து குடிச்சாங்கங்கறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா அந்த மேசையில இன்னைக்கும் இறைச்சி மேல இருந்தும் வைன் கீழ இருந்தும்தான் வருது.

இப்ப குடிக்கற விஷயம். முதல்ல வர்றது சூசர், பிழிஞ்ச திராட்சைச் சாறு பாதி நொதிச்ச நிலையில, கலங்கலா, நாக்குல சுருசுருன்னு இருக்கும். நம்ம ஊர்ல காலையில பதநீரா இருந்திருக்க வேண்டியது சாயங்காலம் கள்ளா ஆகறதுக்கு நடுவுல ஒரு நிலை இருக்கும் பாருங்க, கிட்டத்தட்ட அதான், இனிப்பாவும் இருக்கும் ஏறவும் செய்யும். ஈஸ்ட் இன்னும் உயிரோட சர்க்கரையைத் தின்னுட்டு இருக்கறதால இன்னைக்குக் குடிச்ச அதே ஜாடி நாளைக்கு வேற ருசி, கேஸ் வந்துட்டே இருக்கறதால பாட்டிலை இறுக்கி மூடவும் முடியாது, மூடினா வெடிக்கும். அதனால இதை வாங்கி பேக்ல போட்டுட்டு வரலாம்னு கனவு காணாதீங்க, அங்கயே குடிச்சாதான் உண்டு. ஜூஸ் மாதிரி இறங்குதேன்னு கிளாஸ் கிளாஸா ஊத்திக்கிட்டா மறுநாள் வயிறு கேள்வி கேக்கும். அடுத்தது நுயர், நொதிச்சு முடிச்ச புது வைன், இன்னும் பக்குவப்படாதது, கொஞ்சம் துடுக்கா இருக்கும். ஐசாக் பக்கம் பெரும்பாலும் வெள்ளை, சில்வானர், கெர்னர், முல்லர்துர்காவ் இந்த மாதிரி, தெற்கே போசன் நகரம் பக்கம் போனா ஃபெர்னாட்ச்னு லேசான சிவப்பு. குடிக்காதவங்களுக்கு நொதிக்காத சாறோ ஆப்பிள் ஜூஸோ தருவாங்க, அந்த ஊர் ஆப்பிளுக்கே பேர் போன ஊர், ஒண்ணும் குறைஞ்சு போகாது, யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டாங்க.

சாப்பாடு ஒரு வரிசையில வரும். முதல்ல பார்லி சூப். அப்புறம் ஷ்லுட்ஸ்கிராப்ஃபன், அரை நிலா வடிவத்துல மடிச்ச மாவுக்குள்ள கீரையும் தயிர்ப் பாலாடைக்கட்டியும் வச்சு அவிச்சு, மேல பொன்னிறமா உருக்கின வெண்ணெயை ஊத்தித் தருவாங்க, எனக்கு இங்கயே எழுந்து போனாக்கூட சந்தோஷம்தான். அப்புறம் நடு மேசையில பெரிய தட்டு இறங்கும், உப்புல ஊறின பன்றி இறைச்சி, விலா எலும்பு, வீட்டு சாசேஜ், ரத்த சாசேஜ், புளிச்ச முட்டைக்கோஸ், ரொட்டியைப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு அவிச்ச க்னோடல், எல்லாரும் அதுல இருந்தே எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதான். சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க, பார்லி சூப்புல புகை போட்ட இறைச்சி துண்டு இருக்கும், கேக்காம குடிக்காதீங்க. சீஸ் க்னோடல், கீரை க்னோடல், ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் இதுலயே வயிறு ரொம்பிடும், ஆனா க்னோடல்லயும் சில வீட்டுல ஸ்பெக், அதாவது புகை போட்ட பன்றி இறைச்சி, பொடிசா நறுக்கிப் போடுவாங்க, அதையும் கேட்டுக்கோங்க. வீகனா இருந்தா சத்தியமா கஷ்டம், செஸ்ட்நட்டும் கோஸும்தான் மிஞ்சும், அந்தக் கோஸ்லயும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதுன்னு பெல்ட்டைத் தளர்த்தறப்பதான் கெஷ்டன் வரும், அதான் செஸ்ட்நட், அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. இதுக்காகத்தான் போறதே. நான் போன ஒரு வீட்டுல வாசல்லயே விறகு நெருப்பு போட்டு, நீளக் கைப்பிடி வச்ச ஓட்டைச் சட்டில வீட்டுக்காரர் நின்னு குலுக்கிட்டே இருந்தார், ஒவ்வொரு கொட்டையிலயும் கத்தியால ஒரு கீறல் போட்டிருந்தாங்க, கீறாம போட்டா பட்டாசு மாதிரி வெடிச்சு மூஞ்சில அடிக்கும். தோல் கருகி விரிஞ்சதும் ரிக்ல்னு ஒரு கூடைல கொட்டினார், மரச் சிம்பை இடைவெளி விட்டு முடைஞ்ச கூடை, அதுல போட்டு வேகமா குலுக்கினா கொட்டை கூடையோட உரசி கருகின தோல் தூளா உதிர்ந்து கீழ கொட்டிடுது, முற்றம் முழுக்க கரித்தூள். மிச்ச தோலை நம்ம கையாலதான் எடுக்கணும். நான் நகத்தால சுரண்டிட்டு இருக்கறதைப் பாத்துட்டு எதுத்தாப்ல இருந்த ஒரு தாத்தா, "அப்படி இல்லடா, ஆறறதுக்குள்ள அமுக்கு"ன்னு ஒண்ணை எடுத்து ரெண்டு விரல்ல அமுக்கினார், உள்தோலோட சேந்து கழண்டு வந்துச்சு. ஆறிட்டா அந்த உள்தோல் கொட்டையோட மடிப்புக்குள்ள ஒட்டிக்கும், அப்புறம் கசப்போடதான் திங்கணும். சூடான கெஷ்டன் மேல ஒரு துண்டு வெண்ணெய் வச்சு, அது உருகறதுக்குள்ள வாயில போட்டு, மேல ஒரு வாய் புது வைன். கடைசியில எல்லார் விரலும் கருப்பு, கிளாஸ்ல எல்லாம் கைரேகை. அதுக்கும் அப்புறம் கசகசா இல்லனா செஸ்ட்நட் பூரணம் வச்ச பொரிச்ச கிராப்ஃபன் ஒண்ணு வரும், அதை சாப்பிட்டு முடிச்ச ஆளை நான் அபூர்வமாதான் பாத்திருக்கேன்.

சாப்பிடுற ரூமைப் பத்தியும் சொல்லணும். ஷ்டூபேன்னு பேரு, தரை, சுவர், கூரை எல்லாமே மரம், ஒரு மூலையில பெரிய அடுப்பு, அதைச் சுத்தி பெஞ்ச், இன்னொரு மூலையில சிலுவை. இடம் சின்னது, அதனால தெரியாதவங்க பக்கத்துல நெருக்கி உக்காந்துதான் ஆகணும், அரை மணி நேரத்துல உங்க தட்டுல அவங்க எதையாவது வைப்பாங்க.

நடக்கறதை மட்டும் விட்டுடாதீங்க, நடக்காம போனா பாதி தட்டுலயே தோத்துடுவீங்க. கெஷ்டன்வெக்னு செஸ்ட்நட் பாதை ஒண்ணு இருக்கு, பிரிக்சென் பக்கத்துல 1142ல கட்டின நொய்ஷ்டிஃப்ட் மடத்துல (இன்னைக்கும் அவங்களே வைன் போடறாங்க) ஆரம்பிச்சு போசன் வரைக்கும் 60 கிலோமீட்டருக்கு மேல போகுது. முழுசா வேணாம், ஃபெல்டூர்ன்ஸ்ல இருந்து கிளாவ்சன் பக்கமா இறங்கற துண்டு போதும். இல்லனா ஃபில்லாண்டர்ஸ்ல இருந்து பார்பியன், அங்க பீசா கோபுரம் மாதிரியே சாஞ்ச சர்ச் கோபுரம் இருக்கு, ஃபோட்டோவுக்கும் ஆச்சு.

இப்ப என் தனிப்பட்ட கருத்து, சிலருக்குப் பிடிக்காம போகலாம். டோர்கெலன்னு போர்டு மாட்டின எல்லா இடமும் டோர்கெலன் இல்ல. பஸ் பஸ்ஸா ஆள் கொண்டு வந்து இறக்கி, பெரிய ஹால்ல அக்கார்டியன் வாசிச்சு, வெளியில வாங்கின வைனை ஊத்தற ஹோட்டலுங்க நிறைய வந்துடுச்சு, சாப்பாட்டுப் பட்டியல் அதேதான், ஆனா அதுக்கு மியூனிக்லயே பீர் ஹால்ல உக்காந்திருக்கலாம். நீங்க தேட வேண்டியது புஷன்ஷாங்க், அதாவது சொந்தத் தோட்டத்துல வைன் போடற விவசாயி சீசனுக்கு மட்டும் திறக்கற வீட்டுக் கடை, வாசல்ல பச்சைக் கிளை கொத்து தொங்கும். அந்த ஊர் விவசாயிகள் சங்கத்தோட சிவப்புச் சேவல் சின்னம் இருந்தா இன்னும் நம்பிப் போகலாம். ஃபோன் பண்ணி "வைன் உங்களோடதா, கெஷ்டன் உங்க மரத்தோடதா"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க, சொந்தமா வச்சிருக்கறவங்க அதுக்கே பத்து நிமிஷம் பேசுவாங்க.

புக் பண்ணாம போகாதீங்க, சனிக்கிழமை இடம் பல வாரம் முன்னாடியே போயிடும், முடிஞ்சா ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை லீவ் கேட்டு அன்னைக்கே போயிடுங்க. கார் வேணாம், இத்தாலியில ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் லிமிட், சூசர் அதை நீங்க சூப் முடிக்கறதுக்குள்ள தாண்டிடும். மலை ஊருக்கு பஸ் இருக்கு ஆனா சாயங்காலம் சீக்கிரம் நின்னுடும், கடைசி பஸ் நேரத்தை ஏறும்போதே பாத்து வச்சுக்கோங்க, இல்லனா இருட்டுல இறங்கணும், ஒரு டார்ச் பேக்ல இருக்கட்டும். ராத்திரி கிளாவ்சன்லயோ பிரிக்சென்லயோ தங்கிடறதுதான் புத்திசாலித்தனம், தங்கற இடத்துல பெரும்பாலும் பஸ் ரயிலுக்கு கெஸ்ட் பாஸ் தருவாங்க, கேட்டு வாங்குங்க. கருப்பா இல்லாத பேன்ட் போட்டுட்டு போகாதீங்க.