70 வயதுக்கு மேல் மூக்கில் ஆபரேஷன் செய்தால் பலன் இருக்குமா?

மாமனாருக்குப் பல வருடமாகத் தீராத மூக்கடைப்பு, இந்த வயதில் ஆபரேஷன் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு 71 வயதில் செய்தோம், மூன்று வருடம் ஆகிறது. பலன் உண்டு. எதற்குப் பலன் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளாததுதான் எங்கள் தப்பு.

அப்பாவுக்கு இரண்டு தொல்லை. படுத்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாயால் மூச்சு விட்டு, விடிகாலையில் தொண்டை காய்ந்து எழுந்து உட்காருவார். இன்னொன்று ஒழுகல். ரசம் சாதம் பிசையும்போதே துண்டு தோளுக்கு வந்துவிடும். சூடும் காரமும் பட்டால் வயதானவர்களுக்கு இப்படி ஒழுகுவது சகஜமாம், நரம்பு பண்ணுகிற வேலை.

டாக்டர் ஒரு உலோகப் பட்டையை மூக்குக்குக் கீழே பிடித்தார். இடப்பக்கம் ஆவி படிந்தது, வலப்பக்கம் பேருக்குக்கூட இல்லை. பிறகு மூக்கு நுனியைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிவிட்டு, "இப்ப மூச்சு வருதாங்கய்யா?" என்றார். வயதானால் குருத்தெலும்பு தளர்ந்து நுனி தொங்கிவிடுமாம்; அடைப்புக்கு அதுதான் காரணமென்றால், உள்ளே சதையைக் குறைத்துப் பிரயோஜனமில்லை. அப்பாவுக்குத் தூக்கியும் மாற்றமில்லை, அதனால் அடைப்பு உள்ளேதான் என்று ஆனது.

மூக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவே வளைந்திருந்த சுவரை (மூக்குத் தண்டு) நேராக்கி, உள்ளே வீங்கிய சதையைக் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கொஞ்சமாக என்பது முக்கியம். வயதான மூக்கு ஏற்கெனவே வறண்டது. நிறைய வெட்டினால் பொருக்குக் கட்டி, வழி திறந்திருந்தும் அடைத்த மாதிரியே இருக்கும். எங்களுக்கே பல வாரம் உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது. அடைப்பு போனது, தூக்கம் வந்தது. ஒழுகல் மட்டும் அப்படியே. "இவ்வளவு செலவு பண்ணி இதுக்கா?" என்று அப்பா ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒழுகலைக் குறைக்கிற இப்ராட்ரோபியம் என்ற மூக்கு ஸ்பிரே கொடுத்தார்கள், ஓரளவு கட்டுப்பட்டது.

உங்கள் மாமனார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் மூக்கு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். பிரஷர் கட்டுக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் ரத்தக்கசிவு தொல்லை தரும்.

முதல் தடவை போகும்போதே அவருடைய எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போங்கள். பிரஷர், புராஸ்டேட் மாத்திரைகளில் சில, தாமே மூக்கை அடைக்கும். மருந்துக்கடையில் வாங்கி அடைப்புக்கு விடுகிற சொட்டு மருந்தையும் மறக்காமல் சொல்லுங்கள். நாள்கணக்கில் விட்டால் அதுவே அடைப்பைக் கூட்டும். அப்பாவின் தலையணைக்கு அடியில் இரண்டு பாட்டில் இருந்தது எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.