பனிச்சாலையில் பின்சக்கர இழுவை கார்

கேள்வி: என் கார் பின்சக்கர இழுவை, அதாவது எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் வகை. பனியில் கிளம்பினாலே பின்பக்கம் வழுக்குகிறது. டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் போதுமா?

பதில்: போதாது, முதல் செலவு டயருக்கு. நான்கிலும் குளிர்கால டயர் போடுங்கள். பின்னால் மட்டும் போட்டால் கிளம்புவது சுலபம், ஆனால் முன்சக்கரம் பிடிக்காமல் வளைவில் கார் நேராகப் போய்விடும். டயர் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் பனியில் பயனில்லை.

எஞ்சின் முன்னால் இருப்பதால் பின்சக்கரத்தில் எடை குறைவு. 30 முதல் 50 கிலோ மணலை, பின் அச்சுக்கு மேலே, நகராமல் கட்டி வையுங்கள். சிக்கிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவவும் அதே மணல் உதவும்.

கிளம்பும்போது இரண்டாம் கியர், கிளட்சை மெல்ல விடுங்கள். பலர் கவனிக்காதது கியர் குறைப்பது: வேகத்தில் சட்டென்று குறைத்தால் எஞ்சினின் தடை பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும்; ஹேண்ட்பிரேக் இழுத்த கதைதான். பின்பக்கம் வலப்புறம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை வலப்புறமே திருப்புங்கள். கார் நேராகத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும். பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிச் சங்கிலி போடுவதாக இருந்தால் பின்சக்கரங்களுக்கு.