‘தழைத்தல்’: கேள்வி பதில்

கேள்வி: ‘ஆல்போல் தழைத்து’ என்று வாழ்த்துகிறோமே, பணம் பெருகுவதைச் சொல்கிறோமா?

பதில்: பணத்துக்கு அதில் இடமே இல்லை. தழை என்றால் இலைக்கொத்து. இலை அடர்ந்து கிளைப்பதுதான் தழைத்தல். குடும்பம், தொழில் என்று ஏறியதெல்லாம் அப்புறம். சங்கப் பெண்கள் உடுத்திய தழையாடையும் இதே தழைதான். புறநானூறு 248-இல் கணவனை இழந்தவள் அல்லி வகையான ஆம்பலைப் பார்த்து இரங்குகிறாள். சிறுவயதில் அதன் தழை அவளுக்கு உடை. இப்போது வேளை தவறி உண்ணும் அரிசியும் அதன் விதைதான்.

கேள்வி: வடமொழியா?

பதில்: இல்லை. மலையாளத்திலும் ‘தழய்க்குக’ உண்டு.

கேள்வி: ‘தலையெடுத்தல்’ இதன் திரிபுதானே?

பதில்: அது தலை, இது தழை. காதுக்கு ஒன்றுபோல் கேட்டதும் வேர் தோண்டக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: நான் நெல் போடுபவன். எங்கள் பக்கம் ‘பயிர் ரொம்பத் தழைச்சுப் போச்சு’ என்றால் புலம்பல். நீங்கள் வாழ்த்து என்கிறீர்கள்!

பதில்: நல்ல அடி! யூரியா தரும் நைட்ரஜனுக்குத் தமிழில் தழைச்சத்து என்றே பெயர். அது மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மணி, இலை அல்ல. ஆலமரத்திடம் யாரும் மணி கேட்பதில்லை, நிழல் போதும். வாழ்த்து நெல்லை விட்டு ஆலைப் பிடித்தது அதனால்தான் என்பது என் கட்சி.

கேள்வி: அவரே மறுபடியும். அப்படியானால் தழையுரம்?

பதில்: கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் நன்றாகத் தழைக்க விட்டு, பூக்கும் சமயத்தில் உரமாக மண்ணில் மடக்கி உழுகிறீர்கள். அங்கே தழைதானே விளைச்சல்? சொல்லில் குற்றமில்லை, எந்தப் பயிர் என்று பாருங்கள்.

கேள்வி: அப்போது கல்யாணத்தில் ‘தழைத்து’ என்று சொல்லலாமா, கூடாதா?

பதில்: தாராளமாக. மாப்பிள்ளை நெற்பயிர் இல்லையே.

கேள்வி: ‘தழையத் தழையப் புடவை கட்டி’ என்பதில்?

பதில்: அங்கே தாழ்ந்து தொங்குவது. இலை கனத்த கிளை தாழும் அல்லவா, அந்த வழியில் வந்த பொருள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இது சமஸ்கிருதமா?

பதில்: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: ‘தழை’ வருகிற மாதிரி பெண் குழந்தைக்குப் பெயர், எண் கணிதப்படி?

பதில்: சோதிடரைக் கேளுங்கள்.

கேள்வி: தழையும் தளையும் ஒன்றா?

பதில்: தளை விலங்கு. ழகரத்தை ஒழுங்காகச் சொல்லிப் பழகுங்கள், பாதிக் கேள்வி குறையும்.