ஓட்டலில் முதல்முறையாக வாலே பார்க்கிங்: காரை எப்படி ஒப்படைப்பது?

வாலே பார்க்கிங் என்றால், ஓட்டல் பணியாளரே நம் காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, கிளம்பும்போது திரும்பக் கொண்டுவந்து தருவது. நடைமுறை ரொம்பச் சின்னது. வாசல் போர்ட்டிகோவில் காரை நிறுத்தினால் சீருடைப் பணியாளர் வருவார். கியரை பார்க்கிலோ நியூட்ரலிலோ போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு இறங்குங்கள். சாவியைக் கொடுத்ததும் எண் போட்ட டோக்கன் தருவார். அவ்வளவுதான்.

நம் கவனம் இருக்க வேண்டியது சாவியில். கார் சாவியோடு வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் இன்னொரு சிக்கல்: ஓடும் இன்ஜினோடு இறங்கி, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். கார் நகரும், ஆனால் அணைத்த பிறகு மறுபடி கிளம்பாது. நானே ஒருமுறை இப்படிச் செய்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியிருக்கிறேன்.

இறங்கும்போதே காரைச் சுற்றி நடந்து ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய கீறல்கள், பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் அதில் பதியட்டும். அவர் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழக்கம்தான். லேப்டாப், பணம் போன்றவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் இறுக்கம், ரிவர்ஸ் கியர் தகராறு மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லிவிடுவது நல்லது.

கட்டணம் உண்டா, அறை பில்லில் சேருமா என்று அங்கேயே கேட்டுவிடலாம். டிப்ஸ் கொடுப்பதானால் கார் திரும்பி வரும்போது கொடுத்தால் போதும்.

அப்புறம், கிளம்பப் பத்து நிமிடம் முன்பே டோக்கன் எண்ணைச் சொல்லிவிடுங்கள். கார் வந்ததும் ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கீறல் இருந்தால் வாசலைத் தாண்டும் முன்பே காட்ட வேண்டும்.