பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தையும் 666-ஐயும் எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் ஈரோட்டுப் பக்கம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார். ஆதார் எண்தான் மிருகத்தின் முத்திரை என்று அங்கே பிரசங்கித்தார்களாம். கூட வந்த மகள் அன்றிலிருந்து பயந்துபோய் இருக்கிறாள். ஏழு தலை மிருகம், நாலு குதிரை, 666 இதையெல்லாம் அப்படியே நடக்கப்போகிறது என்று எடுத்துக்கொள்வதா, அடையாளமாக எடுத்துக்கொள்வதா என்று கேட்கிறார்.

நானும் கொங்கு மண்ணில் சபையில் வளர்ந்தவன். அடையாளமாகவே வாசியுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அடையாளம் என்றதும் ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட முடியாது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்ச் சபைகளுக்கு யோவான் பத்மு தீவிலிருந்து எழுதியது இது. எல்லாம் இன்றைய துருக்கியில் இருந்த ஊர்கள். ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆண்ட காலத்தில், கி.பி. 95-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்த ஊர்க்காரர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் நம் ஊருக்கு வரவேண்டும்.

பல அடையாளங்களுக்குப் புத்தகமே பொருள் சொல்லிவிடுகிறது. ஏழு குத்துவிளக்கு ஏழு சபை (1:20). தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபம் (5:8). ஏழு தலை ஏழு மலை (17:9). ஏழு குன்றின்மேல் இருக்கும் நகரம் எது என்று அன்றைக்கு யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், ரோம் என்று எல்லாருக்கும் தெரியும். மீதி பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வருகிறது. தானியேல் 7-ஐத் திறந்து வைத்துக்கொண்டு 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தானியேல் கண்ட சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புள்ள நாலாம் மிருகம் எல்லாம் சேர்ந்து இங்கே ஒரே உடம்பாகக் கடலிலிருந்து ஏறி வருகின்றன. தானியேலுக்கு மிருகம் என்றால் ராஜ்யம். யோவானுக்கும் அப்படியே. முந்தின சாம்ராஜ்யங்களின் கொடுமை முழுவதும் ஒன்றுதிரண்டு ஒரே ராஜ்யமாக எழுந்து நிற்கிறது.

அந்த ரோம ராஜ்யம் நமக்கு அந்நியமும் இல்லை. வெள்ளலூரிலும் கரூர் அமராவதி ஆற்றிலும் கிடைத்த ரோமானியக் காசுகளில் பேரரசன் திபேரியுராயனின் வெள்ளிக்காசுகள் உண்டு. ஒரு பக்கம் இலைமாலை சூடிய அவன் தலை. சுற்றிலும் அவன் பெயரும், 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்ற பட்டமும். சந்தையில் உப்பு வாங்கக்கூட ராயனைத் தெய்வம் என்று சொல்லும் காசைத்தான் நீட்ட வேண்டும். பெர்கமுவில் ரோமுக்கும் அகுஸ்துவுக்கும் கோயில் எழும்பியது கி.மு. 29-இல். அந்த ஊரைத்தான் யோவான் 'சாத்தானுடைய சிங்காசனம்' இருக்கும் இடம் என்கிறார். 112-ஐ ஒட்டி, அதற்கு வடக்கே பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவன் என்று பிடித்து வந்தவர்கள் ராயனின் சொரூபத்துக்கு முன் சாம்பிராணியும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுவதாகவும், பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பியதாகவும் அதில் இருக்கிறது. மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவன் கொல்லப்படுவான், முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்ற வசனங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்கு முன் மண்டியிடுகிறாய் என்பதே அங்கே கேள்வி. ஆதார் அட்டை யாரையும் எதையும் வணங்கச் சொல்லவில்லை. தெரியாமல் வாங்கிக்கொண்டு அகப்பட்டுக்கொள்கிற முத்திரையைப் பற்றி யோவான் பேசவே இல்லை.

மிருகத்தின் எண்ணான 666-ம் அப்படித்தான். நம் பழைய தமிழில் க என்றால் 1, உ என்றால் 2 என்று எழுதினோம் இல்லையா, எபிரெயத்தில் எல்லா எழுத்துக்கும் எண் உண்டு. 'நேரோன் கேசர்', அதாவது பேரரசன் நீரோவின் பெயரை, எபிரெய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டினால் 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது. கடைசி 'ன்' இல்லாமல் 'நேரோ' என்று எழுதினால் ஐம்பது குறைந்து சரியாக 616 வருகிறது. கிறிஸ்தவர்களைக் கொன்ற நீரோ 68-இல் செத்தான். அவன் திரும்பி வருவான் என்ற பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை. சாவுக்காயம் பட்டு ஆறிய தலை என்பது அந்தப் பயத்தைத் தொடுகிறது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடிக்காத தலைவரின் பெயரை 666-க்குள் திணித்துப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

குதிரைகளில் மூன்றாவதான கறுப்புக் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன்மேல் இருப்பவன் கையில் தராசு. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்று ஒரு சத்தம் (6:6). ஒரு பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு படி, ஒரு ஆள் ஒரு நாள் சாப்பிடும் அளவு. வீட்டு ஜெபத்தில் நான் இதை வாசித்தபோது, வள்ளத்திலும் படியிலும் தானியம் அளந்தே வாழ்ந்த எங்கள் அம்மாயி, "ஏஞ்சாமி, ஒரு நாக்கூலிக்கு ஒரு படின்னா புள்ளைகளுக்கு எதைப் போடறது?" என்று கேட்டது. எத்தனையோ விளக்கவுரைகள் சுற்றி வளைத்து வரும் இடத்துக்கு அது நேரே வந்துவிட்டது. பஞ்சத்திலும் பணக்காரன் வீட்டு ரசமும் எண்ணெயும் குறையவில்லை என்பதுதான் அந்த வசனத்தின் குத்தல். தொமித்தியன் காலத்தில் தானியம் தட்டிப்போய்த் திராட்சை மிதமிஞ்சி விளைந்ததையும், மாகாணங்களில் பாதித் தோட்டங்களை வெட்டச் சொல்லி அவன் உத்தரவு போட்டதையும் ரோம வரலாற்றாசிரியர் சூத்தோனியஸ் எழுதியிருக்கிறார். 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின், அதாவது ரோமின், சரக்குப் பட்டியலைப் பாருங்கள்: பொன், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என்று போய், கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்கள். அடிமைச் சந்தை நடத்துகிற ராஜ்யத்தை மிருகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

எனக்கு இந்தப் புத்தகத்தின் உயிர் 5-ஆம் அதிகாரம். யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்தது என்று யோவான் காதால் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, கிறிஸ்து. 7-ஆம் அதிகாரத்திலும் இதேதான்: காதில் விழுவது 1,44,000 என்ற எண், கண்ணில் படுவது எண்ணிக்கையில் அடங்காத கூட்டம், எல்லா தேசத்து ஜனமும் எல்லா பாஷையும். கேட்டதற்கு என்ன பொருள் என்பதைப் பார்த்தது சொல்லிவிடுகிறது. 12-ஐ 12-ஆல் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் அந்த எண். தேவனுடைய ஜனம் ஒருவரும் விடுபடாமல் முழுமையாக இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. மிருகம் கொன்று ஜெயிக்கிறது, ஆட்டுக்குட்டி தன்னைக் கொடுத்து ஜெயிக்கிறது. மிச்ச அடையாளங்கள் எல்லாவற்றையும் நான் இதை வைத்துத்தான் வாசிக்கிறேன்.

வருங்காலமே இதில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்து வருவார், கண்ணீர் துடைக்கப்படும் என்பது என் விசுவாசம். ரோம் போனாலும் மிருகத்தின் குணம் போய்விடவில்லை என்பதும் தெரிந்ததுதான். தேதி குறிக்கிறவர்களோடுதான் எனக்குப் பிணக்கு.

மகளோடு உட்கார்ந்து வாசிப்பதானால் ஏழு சபைகளுக்கான கடிதங்களில் ஆரம்பியுங்கள், 2-ம் 3-ம். அப்புறம் 4, 5. அதிலிருந்து நேரே 21, 22-க்குப் போய்விடுங்கள். 13-ஆம் அதிகாரம் கடைசியில் இருக்கட்டும், தானியேல் 7-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவள் கேள்வி கேட்டால் பிரசங்கியாரிடம் போகும்முன் அந்த வசனத்துக்கு மேலும் கீழும் இருப்பதை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.