புஹோல் உணவகம்: புகழுக்கும் விலைக்கும் தகுமா?

கேள்வி: மெக்சிகோ நகரத்தின் ‘புஹோல்’ உணவகத்தில் சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நவீன மெக்சிகோ சமையல் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அந்தப் பெயருக்கும் விலைக்கும் அது தகுந்ததுதானா?

தகுந்ததுதான் என்பது என் பதில். ஆனால் அதை ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன். விமானத்தை விட்டு இறங்கிய கையோடு அங்கே போய் உட்காருகிறவருக்கு, அழகான தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து போன ஒரு விலையுயர்ந்த விருந்து என்பதற்கு மேல் எதுவும் பிடிபடாது. இரண்டு மூன்று நாளாவது நகரத்தின் தள்ளுவண்டிகளிலும் சந்தைக் கடைகளிலும் சாப்பிட்டு, வாட்டிய மக்காச்சோளக் கதிரும் கல்லிலிருந்து எடுத்த டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியும் மோலே என்ற கெட்டிக் குழம்பும் சாதாரணமாக எப்படியிருக்கும் என்பது நாக்குக்குத் தெரிந்த பிறகு போகிறவருக்கோ, தட்டில் வருவதெல்லாம் ஏற்கெனவே அறிமுகமான உணவுகள் என்பதும், அவற்றில் எது மாற்றப்பட்டிருக்கிறது, எது வேண்டுமென்றே மாற்றாமல் விடப்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும். நான் அலுவலக வேலையாகச் சில வாரங்கள் அங்கே தங்கியிருந்தபோது, வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவரோடு போனேன். இந்தப் பதிலில் உள்ள கருத்துகளில் பாதி, அந்த அம்மையார் சாப்பிடும்போது அருகிலிருந்து கவனித்ததால் உருவானவை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் சமையற்கலை படித்துத் திரும்பிய என்ரிகே ஒல்வேரா என்ற இளைஞர் 2000-ஆம் ஆண்டில் புஹோலைத் தொடங்கினார். அந்த நகரத்தில் உயர்தர உணவகம் என்றாலே பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானியச் சமையல் என்று பொருள்பட்ட காலம் அது. சொந்த நாட்டுச் சமையலுக்கு வீடும் சந்தையும்தான் இடம். ஒல்வேராவும் தொடக்கத்தில் மேலைநாட்டு நுட்பங்களைத்தான் பெரிதும் நம்பினார். அதிலிருந்து சிறிது சிறிதாக விலகி, தெருவில் விற்கும் உணவையும் கிராமத்து மூலப்பொருள்களையும் தன் சமையலறையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். 2017-இல் உணவகம், அதுவரை இருந்துவந்த போலாங்கோ பகுதியிலேயே, டென்னிசன் தெருவிலுள்ள ஒரு வீட்டுக்கு இடம் மாறியது. (போலாங்கோவில் டென்னிசன், நியூட்டன், பெட்ரார்க் என்று கவிஞர்களின் பெயரும் அறிஞர்களின் பெயரும் தெருக்களுக்கு இருப்பதால், வாடகை வண்டியில் போகும்போது ஒரு நூலகத்தின் அலமாரிகளைக் கடந்து போவதாகத் தோன்றும்.) 2024 மே மாதத்தில், உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாக மெக்சிகோவுக்கு வந்தபோது, அந்த நாட்டில் எதற்கும் மூன்று நட்சத்திரம் கிடைக்கவில்லை, இரண்டு நட்சத்திரம் பெற்றவை புஹோலும் ‘கிந்தோனில்’ என்ற உணவகமும் மட்டுமே.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த நகரத்தில் மாலை நேரத்தில் எந்தத் தெருமுனையிலும் மக்காச்சோளக் கதிரை வேகவைத்தோ சுட்டோ, குச்சியில் செருகி, மயோனைஸ் தடவி, உதிர்த்த பாலாடைக் கட்டியில் புரட்டி, மிளகாய்த்தூள் தூவிக் கையில் கொடுப்பார்கள். பல ஆண்டுகளாகப் புஹோலின் அடையாளமாக இருக்கும் தொடக்க உணவு இதன் மறுவடிவம்தான். குடைந்த சுரைக்குடுக்கை ஒன்று மேசைக்கு வருகிறது. மூடியைத் திறந்தவுடன் புகை எழுகிறது. உள்ளே விரல் நீளமே உள்ள இளங்கதிர்கள் குச்சிகளில் நிற்கின்றன. அவற்றின் மீது பூசியிருக்கும் மயோனைஸில் காப்பியும் கோஸ்தேன்யோ என்ற மிளகாயும் சிகாதானா எறும்புப் பொடியும் கலந்திருக்கின்றன. சிகாதானா என்பது இலைவெட்டி எறும்பினத்தின் இறகு முளைத்த ராணி எறும்பு. வஹாக்காவில் கோடையின் முதல் பெருமழை பெய்த மறுநாள் விடியலில் புற்றிலிருந்து கூட்டமாக வெளிக்கிளம்பும் அவற்றை மக்கள் ஓடியோடிப் பிடித்து, வறுத்து, கல்லுரலில் மிளகாயோடும் பூண்டோடும் இடித்து வைத்துக்கொள்வார்கள். மழை பெய்த இரவில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, வறுத்துத் தின்ற தலைமுறை நம் கிராமங்களில் இன்னும் இருப்பதால், நம்மில் பலருக்கு இதில் அருவருப்புக்கு இடமில்லை. சுவையும் அப்படித்தான்: சற்று அதிகமாக வறுபட்ட வேர்க்கடலையின் மணம், அதன் பின்னால் மெல்லிய புளிப்பு, கடைசியில் காப்பியின் கசப்பு. அந்தக் கதிரை முள்கரண்டியால் தொட யாருக்கும் தோன்றாது. நட்சத்திரங்கள் வாங்கிய உணவகத்தில் கோட்டு அணிந்த கனவான்களும் விரலை நக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மெக்சிகோவின் நவீன உணவகங்களை மதிப்பிட நினைக்கிறவர்கள் முதலில் டோர்ட்டியாவைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் அப்படியே ஊறவிட்டு, காலையில் கழுவித் தோலை நீக்கி, ஈரத்தோடு கல்லில் அரைத்தால்தான் தட்டினால் உடையாத மாவு கிடைக்கும். வெற்றிலையோடு போடும் அதே நீற்றுச் சுண்ணாம்புதான் இது. இந்த முறைக்கு நிக்ஸ்டமலைசேஷன் என்று பெயர். இதனால் மாவுக்கு ஒட்டும் தன்மையும் ஒரு தனி மணமும் வருவதோடு, மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் உடலில் சேரும் நிலைக்கு வருகிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பயிரை மட்டும் கொண்டுபோய், சுண்ணாம்பை விட்டுவிட்டதால், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளும் பின்னாளில் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயால் தோல் வெடித்தும் மனம் பேதலித்தும் மடிந்தார்கள். அந்தப் பயிரை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப் புல்லிலிருந்து உருவாக்கிய நாட்டிலேயே இன்று பெரும்பாலான நகரத்து டோர்ட்டியாக்கள் தொழிற்சாலைப் பொடியிலிருந்து வருகின்றன. மெக்சிகோவில் நாட்டு மக்காச்சோள வகைகள் சுமார் 60 உண்டு. நீலம், சிவப்பு, ஊதா, வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் நிறமும் மணமும் வேறு. புஹோலில் நாட்டு ரக மக்காச்சோளத்தை அங்கேயே ஊறவைத்து அரைக்கிறார்கள். தட்டில் வந்த டோர்ட்டியாவை வெறுமனே கிழித்து வாயில் போட்டபோது, மழை நனைத்த மண்ணின் வாசனையும் பால்பிடித்த கதிரின் இனிப்பும் சேர்ந்து தெரிந்தன. பொடியில் சுட்டதைத் தின்று பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரே கடியில் விளங்கிவிடும்.

எல்லோரும் பேசும் தட்டு மோலே. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலர்ந்த மிளகாய்கள் பல வகை, எள், பாதாம், வேர்க்கடலை, இலவங்கம், பட்டை, தக்காளி, உலர்பழம், கருக்கிய டோர்ட்டியா, சில வகைகளில் கொக்கோ என்று இருபது முப்பது பொருள்களைத் தனித்தனியாக வறுத்தும் வாட்டியும் அரைத்தும் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் கெட்டிக் குழம்பு அது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் சமைப்பது. பெரும்பாலும் கோழியின் மீதோ வான்கோழியின் மீதோ ஊற்றித் தருவது. புஹோலின் மோலே தட்டில் இறைச்சியே இல்லை. வெள்ளைத் தட்டில் கரிய வட்டமாக ஒரு மோலே, அதன் நடுவில் செம்பழுப்பில் சிறிய வட்டமாக இன்னொரு மோலே, பக்கத்தில் ஒரு கூடையில் டோர்ட்டியா, அவ்வளவுதான். வெளிவட்டத்துக்குத் தாய் மோலே என்று பெயர். பத்தாண்டுகளுக்கு மேலாக அதைத் தீர்ந்துபோக விடாமல், நாள்தோறும் சூடேற்றி, அவ்வப்போது புதிதாகச் செய்த மோலேயைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்து வருகிறார்கள். அதன் வயதை நாள் கணக்கில் பட்டியலிலேயே அச்சிடும் வழக்கமும் உண்டு. உள்வட்டம் அந்தப் பருவத்துக்குப் புதிதாகச் செய்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய குழம்பை மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுண்டவைத்துச் சாப்பிட்ட அனுபவம் உள்ள எவருக்கும் இந்த யோசனை புதுமையாகத் தோன்றாது. அதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்கிற பிடிவாதம்தான் புதுமை.

முதலில் உள்வட்டத்தை மட்டும் தொட்டுச் சாப்பிட்டேன். மிளகாய், பழம், பட்டை ஆகியவை ஒவ்வொன்றாக இனம் காணும்படி இருந்தன. வெளிவட்டத்தில் எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரம் என்று ஒன்று தனியாக இல்லை, இனிப்பும் இல்லை. கசப்பின் ஓரத்தில் தொடங்கி, புகையும் புளிப்புமாக, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நாவில் நிற்கும் ஒரு சுவை. இரண்டையும் கலந்து எடுத்தபோது புதியது பழையதன் கனத்தைக் குறைத்தது. உடன் வந்த டோர்ட்டியாவில் ஓஹா சாந்தா என்ற பெரிய இலை அழுத்திச் சுடப்பட்டிருந்தது. வெற்றிலைக்கும் மிளகுக்கும் நெருங்கிய தாவர உறவான அந்த இலையின் சோம்பு மணம் ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நாக்கைத் துடைத்துவிட்டது. என் சக ஊழியர் தட்டை டோர்ட்டியாவால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இதோடு வான்கோழி இருந்திருக்கும், இப்படிக் கஞ்சத்தனமாகத் தரமாட்டார்கள்” என்று சிரித்தார். ஆனால் கூடையில் இருந்த கடைசி டோர்ட்டியாவையும் அவர்தான் எடுத்துக்கொண்டார்.

மற்ற உணவுகளை விவரிக்கத் தேவையில்லை. கடலுணவு ஒன்றும் காய்கறி ஒன்றும் நன்றாகவே இருந்தன, ஆனால் அவற்றை வேறு பெருநகரங்களின் நல்ல உணவகங்களிலும் சாப்பிட முடியும். இறுதியில் சுரோஸ் என்ற, எண்ணெயில் பொரித்த இனிப்பு மாவுப் பண்டம் சூடாக வரும்; அதுவும் தெருத் தின்பண்டம்தான்.

இனி விலை. பானங்கள் இல்லாமலேயே ஒருவருக்குப் பல ஆயிரம் பெசோ ஆகும். ஏழைகளின் உணவை எடுத்து, பணக்காரர்களுக்கு நூறு மடங்கு விலையில் விற்கிறார்கள் என்ற விமர்சனம் மெக்சிகோவிலேயே பலர் வாயிலிருந்து கேட்கக்கூடியது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சிகாதானா பிடித்த கிராமத்தவர் யாரும் அந்த மேசையில் உட்காரப் போவதில்லை. ஆயினும், 1994-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு மலிவான அமெரிக்க மக்காச்சோளம் வந்து குவிந்த நாட்டில், நாட்டு ரகத்துக்கு நல்ல விலை கொடுக்கத் தயாராக உள்ள வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று உருவாவதில் விவசாயிக்குப் பயன் இல்லாமலில்லை என்றும் நினைக்கிறேன். ஒரு நாட்டின் உயர்தர உணவகத்தில் தலைமை உணவாக இறைச்சியே இல்லாத ஒரு குழம்பையும் ரொட்டியையும் வைக்கத் துணிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெகு நாள்களுக்கு முன்பே இணையத்தில் இடம் பதிவு செய்ய வேண்டும். பதிவின்போதே சைவம், ஒவ்வாமை முதலியவற்றைத் தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் மெக்சிகோ சமையலில் பன்றிக்கொழுப்பும் கோழிச்சாறும் வெளியே தெரியாமல் சேரும் இடங்கள் அதிகம். தெருக்கடைகளில் அவரைக் கூட்டும், மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து வேகவைக்கும் தமாலேயும்கூட இதற்கு விலக்கல்ல. காரம் குறைவாயிருக்கிறது என்று நம்மவர்கள் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே மிளகாயை மணத்துக்காகவும் நிறத்துக்காகவும் ஆள்கிறார்கள், எரிச்சல் வேண்டுவோருக்கு மேசையில் சல்சா தனியாக இருக்கும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வந்து சேர்ந்த அன்றே வயிறு முட்டச் சாப்பிடுவதும் மெஸ்கால் என்ற மது குடிப்பதும் உகந்ததல்ல.

புஹோலில் இடம் கிடைக்காவிட்டால், அங்கே பணியாற்றிய ஹோர்ஹே வயெஹோவும் அவருடைய மனைவி அலெஹாந்த்ரா ஃபுளோரெஸும் 2012-இல் தொடங்கிய ‘கிந்தோனில்’ உணவகம், நியூட்டன் தெருவில், நடந்து போகும் தூரத்தில் உள்ளது. கீரையும் கள்ளியும் பூச்சியும் அங்கே இன்னும் துணிச்சலாகக் கையாளப்படுகின்றன. கள்ளியில் செய்த ஐஸ் சோர்பே ஒன்றுக்காகவே போகலாம். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள், அதே 2024 பட்டியலில் ஒரு நட்சத்திரம் பெற்ற எல் கலிஃபா தே லியோன் என்ற, நின்றுகொண்டே சாப்பிடும் சின்னஞ்சிறு டாக்கோ (டோர்ட்டியாவில் இறைச்சி வைத்துத் தருவது) கடையையும் பார்த்துவிடலாம். செலவு செய்ய மனமில்லாதவர்கள் கொந்தேசா பகுதியில் ஒல்வேரா 2018-இல் திறந்த மோலினோ எல் புஹோலுக்குப் போய், அதே நாட்டு மக்காச்சோளத்தில் சுட்ட டோர்ட்டியாவை எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். மோலே ஊற்றிய டோர்ட்டியாவும் அங்கே கிடைக்கும். புஹோலில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.